பந்தி அண்ணன் ஊற்றிய தண்ணீர்

திருக்கோகர்ணம் மைதானத்தில் யாராவது தாகத்தால் மயங்கி விழ வேண்டுமென்றால், முதலில் பந்தி அண்ணனிடம் அனுமதி வாங்க வேண்டும். அவர் கொடுக்கவே மாட்டார்.

கல்யாண மண்டபங்களில் பரிமாறுவது அவர் தொழில். உடம்பைக் குறைக்க நடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு கையில் எவர்சில்வர் ஜக்கு, இன்னொரு கையில் பேப்பர் கப்பு அடுக்கு. நாங்கள் சர்க்கரைக்கும் தொப்பைக்கும் பயந்து ஓடினால், அவரும் கூடவே ஓடி வருவார். ஒரு சொட்டு சிந்தாது.

“தாகமே இல்லண்ணே” என்று ஒருநாள் தப்பிக்கப் பார்த்தேன்.

“எலையில சாம்பார் தீந்துபோயி நீங்க கேட்டாத்தான் ஊத்துவனா? பாத்து ஊத்தணும். ஒடம்பும் அப்படித்தாங்க. கேக்குறதுக்கு முன்னாடி குடுத்துரணும்.”

சரியென்று வாங்கி ஒரே மூச்சில் கவிழ்த்தேன். அதற்கும் திட்டு. “பாயசத்தக் கண்ட மாதிரி ஊத்திக்காதீங்க! கொஞ்சங் கொஞ்சமா!”

அதிகம் வேர்ப்பவர்களுக்கு உப்பும் எலுமிச்சையும் கலந்து மரத்தடியில் தனியாக ஒரு தூக்குவாளி. பேங்க் மேனேஜர் ஒருவர், தன் வாட்ச் மணியடித்தால்தான் குடிப்பேன் என்றார். “வேர்க்குறது வாட்ச்சுக்கா, ஒங்களுக்கா?” என்று கப்பை நீட்டினார் அண்ணன். மேனேஜர் வாங்கிக் குடித்தார். குறுக்கே சைக்கிளை உருட்டிக்கொண்டு போன பால்காரர்கூடத் தப்பவில்லை.

அப்பேர்ப்பட்டவர், சித்திரை மாதத்தில் ஒரு காலை, ஓடிக்கொண்டிருக்கும்போதே தள்ளாடிச் சரிந்தார். நிழலில் படுக்கவைத்து விசிறினோம். கண் திறந்து, எழுந்து உட்கார்ந்ததும் தண்ணீரை நீட்டினேன். தள்ளிவிட்டார்.

“எல்லாரும் குடிச்சாச்சா? பந்தி முடியாமப் பரிமாறுறவன் வாய் நனைக்கக் கூடாதுங்க.”

அப்போதுதான் விளங்கியது. நடக்கிறவர்கள் வந்துகொண்டே இருக்கும் இடத்தில் பந்தி எப்போது முடிவது? எங்களுக்கெல்லாம் ஊற்றிவிட்டு, இந்த மனுஷர் தினமும் வறண்ட வாயோடு வீட்டுக்குப் போயிருக்கிறார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. சொல்லிப் பார்த்தோம், அதட்டிப் பார்த்தோம். ஆள் அசையவில்லை.

மேனேஜர் சட்டென்று மைதானத்து வாட்ச்மேனின் நாற்காலியை இழுத்துப்போட்டு, அவரைக் கைத்தாங்கலாக உட்காரவைத்தார். நான் இரண்டு கையாலும் கப்பை நீட்டினேன்.

“வாங்க சம்பந்தி. மொதப் பந்தி ஒங்களுதுதான். நீங்க குடிக்காம இங்க ஒருத்தரும் குடிக்க மாட்டோம்.”

“இது மொறையில்லீங்க…” என்று நெளிந்தார். ஆனால் சம்பந்தி முறுக்கிக்கொண்டால் கல்யாணம் என்ன பாடுபடும் என்று அவருக்குத் தெரியாதா? வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டுக் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தன கல்யாணம் பாத்திருக்கேன். மொதப் பந்தியில என்னைய யாரும் ஒக்கார வச்சதில்லீங்க.”

நான் மறுபடி ஊற்றினேன். போதும் போதும் என்று கப்பைக் கையால் மூடினார். எனக்குத்தான் போதவில்லை.