மாரிசாமி காட்டிய யானை

மனைவியை மௌனமாக்கிவிட்டோம் என்று மகிழும் கணவன்மார்களே, சற்றுப் பொறுங்கள். மைசூரின் குவெம்பு நகரில், ஒரு நான்கு மாடிக் குடியிருப்பின் உச்சியில் வாழும் மாரிசாமியின் கதையைக் கேட்டுவிட்டுப் பிறகு மகிழுங்கள்.

மாரிசாமி கொள்ளேகாலத்துக்காரர். தேவராஜ மொஹல்லாவில் ஒரு பட்டுப் புடவைக் கடையின் மேற்பார்வையாளர். நாளெல்லாம் புடவைகளை விரித்துக் காட்டி, இதே புடவை வேறு நிறத்தில் இல்லையா என்ற கேள்விக்குச் சலிக்காமல் சிரித்து, தாடை வலியோடு வீடு திரும்புகிறவர். ஆகவே காலை உறக்கம் அவருக்கு ஒரு தவம். திருமணமான மாதமே அவர் ஒரு சட்டம் போட்டார். காலை எட்டரை மணி வரை அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. கைபேசி சிணுங்கக் கூடாது. குக்கர் கூட ஒரு முறைக்கு இரண்டு முறை யோசித்துவிட்டுத்தான் விசிலடிக்க வேண்டும்.

மனைவி பூங்குழலி பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தச் சட்டத்தை மீறியதில்லை. எட்டரைக்கு மாரிசாமி கண் விழித்ததும் காபி வரும். அது எப்படி வந்தது என்று அவர் கேட்டதில்லை. சூரியன் எப்படி வந்தது என்று யாராவது கேட்கிறோமா?

துன்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் தொடங்கியது. கீழ்த்தளத்தில் வசிக்கும் பாக்கியலட்சுமி, மாதத்துக்கு ஒரு ஞாயிறு குடியிருப்பாரைத் தம் வீட்டுக்கு அழைத்து விளையாட வைப்பார். அன்று எல்லோரும் நாற்காலியைச் சுற்றி ஓடினார்கள். கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்து வாயில் கவ்விக்கொண்டு நடந்தார்கள். கடைசியில் வந்தது வாய் பேசாமல் நடித்துக் காட்டும் ஆட்டம். சீட்டில் இருப்பதை ஒருவர் நடிக்க, அவருடைய ஜோடி கண்டுபிடிக்க வேண்டும்.

குலுக்கலில் பூங்குழலிக்கு ஜோடியாக வந்தவர் அதே குடியிருப்பின் எதிர்ப்பக்க வீட்டு உமேஷ். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். தட்டையான வயிறு, அடர்ந்த மீசை. அவர் தம் தோளைத் தட்டினார்; பூங்குழலி, "சிலிண்டர்" என்றாள். மணிக்கட்டைத் திருகினார், "தண்ணிக் குழாய்" என்றாள். ஆறு சீட்டுக்கு ஆறு விடை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நொடி.

அடுத்த சுற்றில் மாரிசாமியே மனைவிக்கு ஜோடியானார். சீட்டில் தசரா யானை. மைசூரில் இதைவிட எளிய சீட்டு உண்டா? கையைத் துதிக்கையாக்கி ஆட்டினார். முதுகில் அம்பாரி இருப்பதாகப் பாவித்து நான்கு முறை கூடத்தைச் சுற்றி வந்தார். மூலையில் இருந்த குழந்தைகளுக்குக்கூட விளங்கிவிட்டது; விடையைச் சொல்ல முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு துடித்தன. பூங்குழலி கன்னத்தில் கை வைத்து யோசித்தாள்.

"துணி காயப் போடறீங்களா?" என்றாள். பிறகு, "பல்லு வலிங்களா?" என்றாள். நேரம் முடிந்தது.

அன்றிரவு மாரிசாமிக்குச் சோறு இறங்கவில்லை. "உமேஷ் காட்டினா மட்டும் எப்படி உடனே புரியுது?" என்று கேட்டார்.

"அவரு தெளிவாக் காட்டறாருங்க."

"நானு?"

"நீங்க எல்லாத்தையும் வாயில சொல்லியே பழகிட்டீங்க," என்று சொல்லி ரசத்தை ஊற்றினாள்.

பொறாமை என்பது கண்ணில் விழுந்த தூசி. அது சிறியதுதான், ஆனால் அதன் பிறகு உலகமே அதன் வழியாகத்தான் தெரிகிறது. மாரிசாமி கண்ணாடி முன் வயிற்றை உள்ளிழுத்துப் பார்த்தார். மூச்சைப் பிடித்திருந்த வரை தட்டையாக இருந்தது. உமேஷின் பால்கனி ஏன் தம் பால்கனிக்கு நேர் எதிரே கட்டப்பட்டது என்று கட்டியவரைச் சந்தேகித்தார். இறுதியில் ஒரு வீர முடிவெடுத்தார். விடியற்காலையில் எழுந்து வேவு பார்ப்பது.

ஐந்தரைக்கு விழித்தபோது பக்கத்தில் மனைவி இல்லை. பூனை போல நடந்து திரைச்சீலைக்குப் பின்னே நின்றார். பால்கனியில் பூங்குழலி. எதிரே உமேஷ். அவள் உள்ளங்கையைத் தலைக்கு மேல் உயர்த்தினாள். நீயே என் தலைவன் என்று மாரிசாமி பொருள் கொண்டார். உமேஷ் நெஞ்சை இருமுறை தட்டினார். இதற்குப் பொருள் வேறு சொல்ல வேண்டுமா? அவள் புன்னகைத்தாள். பன்னிரண்டு ஆண்டுப் பட்டு வாழ்க்கை நூல் நூலாகப் பிரிந்தது போலிருந்தது அவருக்கு. திரையைக் கிழிக்காத குறையாக விலக்கிக்கொண்டு, "என்ன நடக்குது இங்க?" என்றார்.

பூங்குழலி திரும்பவில்லை. பழக்கத்தில் உதட்டின் மேல் விரலை வைத்து, "சத்தம் போடாதீங்க. எங்க ஊட்டுக்காரரு எந்திரிச்சுருவாரு" என்றாள்.

"ஊட்டுக்காரர் எந்திரிச்சாச்சு," என்றார் மாரிசாமி.

அவள் பதறவில்லை. கிசுகிசுத்த குரலில் விளக்கினாள். தண்ணீர்த் தொட்டி இருப்பது அவர்கள் வீட்டுக் கூரையில்; மோட்டாரின் சுவிட்ச் இருப்பது உமேஷ் வீட்டு வாசலில். தொட்டி நிரம்பியதை இவள்தான் சொல்ல வேண்டும், வாயால் சொல்லத்தான் தடையாயிற்றே. தலைக்கு மேல் கை என்றால் தொட்டி வழிகிறது. நெஞ்சைத் தட்டினால், நான் நிறுத்திவிடுகிறேன். அப்போது கீழே பூக்காரி கெம்பம்மா நின்று, நாலு முழமா என்று நான்கு விரல் காட்டினாள். ஒரு முழம் போதும் என்று பூங்குழலி முழங்கையைத் தொட்டு ஒரு விரல் காட்டினாள். தயிரும் வேண்டுமா என்று பால்காரர் தம் வயிற்றைத் தடவ, இவள் வேண்டாமெனத் தலையாட்டினாள். அந்தக் குடியிருப்பு முழுவதும் அவள் மொழியைப் பேசியது. அறியாதவர் ஒருவரே.

ஒரு மனிதன் இருந்தான். பறவைகள் கூவித் தூக்கத்தைக் கெடுக்கின்றன என்று தன் வீட்டு மரத்தை வெட்டிப் போட்டான். பிறகு, என் மனைவி ஏன் பக்கத்து வீட்டு மர நிழலில் நிற்கிறாள் என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தான். அன்பர்களே, கோடரி யார் கையில் இருந்தது என்று முதலில் பாருங்கள்.

மாரிசாமி பார்த்தாரா? இல்லை. உமேஷின் மீசையைத்தான் பார்த்தார். "நாளையிலிருந்து மோட்டாரு, பாலு, பூவு எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று அறிவித்தார்.

"உங்க தூக்கம் கெட்டுப் போயிருமுங்க. வேண்டாமுங்க," என்றாள் பூங்குழலி. மூன்று முறை சொன்னாள். மூன்றாம் முறை கொட்டாவியோடு சொன்னாள்.

மறுநாள் முதல் ஐந்து மணிக்கு மாரிசாமி பால்கனிக்கு வந்தார். முதல் வாரம் தொட்டி வழிந்தது. பாலுக்குப் பதில் தயிர் வந்தது. கெம்பம்மா பதினோரு முழம் கனகாம்பரம் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டாம் வாரம் கை பழகியது. மூன்றாம் வாரம் காபியும் அவரே போட்டார். பூங்குழலி எட்டரைக்கு எழுந்தாள். அவள் விழித்துவிடக் கூடாதே என்று அவர் நுனிக்காலில் நடந்தார். ஆயினும் உள்ளே ஒரு பெருமை. மனைவிக்கும் உமேஷுக்கும் இடையே இருந்த கம்பியை அறுத்துவிட்டோமல்லவா? இனி அவளுடைய ஜோடி நாமல்லவா?

தசராவுக்கு முந்தைய ஞாயிறு வந்தது. ஒருவரையொருவர் நன்கு புரிந்துகொண்ட ஜோடிக்கு ஒரு ஹாட் பாக்ஸ் பரிசு என்று பாக்கியலட்சுமி அறிவித்தார். மாரிசாமி மனைவியோடு ஆடினார். அவர் எதை நடித்தாலும் அவள், "பால் பொங்குதுங்களா?" என்றே கேட்டாள். ஏழு சீட்டுக்குப் பூஜ்யம். பிறகு குலுக்கலில் உமேஷோடு ஜோடி சேர்ந்தார். மாரிசாமி பாதிக் கை தூக்குமுன் உமேஷ் விடை சொன்னார். உமேஷ் புருவத்தை அசைக்குமுன் மாரிசாமி சொன்னார். ஏழுக்கு ஏழு.

சிறந்த ஜோடி என்று இருவரையும் கை கோக்க வைத்துப் படம் எடுத்தார்கள். பரிசைக் கொடுக்கும்போது பாக்கியலட்சுமி சாதாரணமாகச் சொன்னார்: "போன மாசம் நாங்க நம்பர் கூப்பிட்டு ஆடற ஹௌஸி ஆடலாம்னுதான் இருந்தோம். இந்த ஆட்டம் வெக்கலாம், ரொம்ப நல்லா இருக்கும்னு சொன்னதே உங்க வீட்டுக்காரம்மாதான்."

மாரிசாமி திரும்பிப் பார்த்தார். பூங்குழலி எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்தது. மாரிசாமி மோட்டாரை நிறுத்தச் சொன்னார், பாலை வாங்கினார், காபி போட்டார், கட்டிலருகே வந்து நின்றார். கேட்டே ஆக வேண்டும். ஆனால் மணி ஏழரை. வீட்டில் சட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆகவே கையைத் துதிக்கையாக்கி ஆட்டினார். முதுகில் அம்பாரியைத் தாங்கி இரண்டடி நடந்தார். பிறகு, உண்மையாகவே புரியவில்லையா என்று கையை விரித்தார்.

பூங்குழலி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"யானை. அன்னைக்கே தெரியுமுங்க. எட்டரை ஆகட்டும், போயி அந்தப் பக்கம் நடங்க."