எலி வகையறா இல்லை, மச்சான்

மதிப்பிற்குரிய மச்சான் சிவனணைந்தபெருமாள் ஏட்டையா அவர்களுக்கு, தென்காசியிலிருந்து இசக்கிமணி எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம், என் வலதுகை ஆள்காட்டி விரல் நீங்கலாக. அதில் கட்டுப் போட்டிருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும். பத்தாவதில் கணக்கில் போனவன் எழுத்து முன்னேயும் நேராக இருந்ததில்லை என்பது தாங்கள் அறிந்ததே. என் போனைத் தாங்கள் எடுக்காததால், உங்கள் தங்கச்சி ஆவுடைத்தாய் சுட்ட முறுக்கோடு சேர்த்து இதைப் புளியறை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

தவறு முழுக்க என்னுடையது. குத்துக்கல்வலசைக் கல்யாண மண்டபத்துப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டார். ஸ்வாதி போனில் காட்டிய படம் பார்க்க எலி போலவே இருந்ததால், "லடாக்குக்கு எலி ஆராய்ச்சிக்குப் போறா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். பாயசம் வருவதற்குள் பந்தி முழுக்கப் பரவி, மறுநாள் காலையில் எங்கள் தெருச் சொரிமுத்து கூண்டோடு ஒரு உயிர் எலியைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, பாப்பா எலி டாக்டராம்லா? இது எந்த மருந்துக்கும் சாவ மாட்டேங்கு, கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க" என்கிறான். அன்று சாயங்காலமே தாங்கள் உங்கள் தங்கச்சிக்குப் போன் போட்டு, "ஏட்டி ஆவுடை, எலி பிடிக்கதுக்கா பொம்பளப் பிள்ளையப் பனிமலைக்கு அனுப்புதீங்க? துன்னூறு பூச நான் வரமாட்டேன்" என்று வைத்துவிட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து எங்கே கிளம்பினாலும் மாமன் கைத் திருநீறு நெற்றியில் இருக்க வேண்டும் அவளுக்கு. "மாமா வராம ரயில் ஏற மாட்டேன்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரயில் வருகிற வெள்ளிக்கிழமை. ஏறாவிட்டால், மல்லுக்கட்டி வாங்கிய ஆராய்ச்சி இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

மச்சான், அது எலியே இல்லை. பேர் பைக்கா. பிள்ளை எனக்கு விளக்கியதை நமக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். தாய்ப்பால் குடித்து வளர்வதெல்லாம் ஒரே ஊர். திமிங்கலம், வௌவால், நீங்க, நான் எல்லாரும் அந்த ஊர்க்காரங்கதான். அதில் முயலும் பைக்காவும் குலசாமியாக ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிற பங்காளிகள். எலி, அணில், பெருச்சாளி வேறொரு சாஸ்தா. ஆதியில் ஒரே கோயிலில் பிடிமண் எடுத்துப் பிரிந்த ரெண்டு வகையறா, அவ்வளவுதான். மூஞ்சூறு இருக்கிறதே, எலி மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு, அதுக்கு இந்த ரெண்டு கோயிலிலும் வரி கட்டுகிற பாத்தியதை கிடையாது! "அப்போ எப்படி ஆள் அடையாளம் கண்டுபிடிப்பே?" என்று கேட்டேன். முயலுக்கும் பைக்காவுக்கும் மேல்வாய் முன்பல் ரெண்டுக்கும் பின்னால் இன்னும் ரெண்டு பொடிப்பல் ஒளிந்திருக்குமாம். எலிக்குக் கிடையாதாம்.

போலீஸ்காரருக்குச் சாட்சி வேணும்லா? அடுத்த வீட்டு அகமது கபீர் பாய் மகள் பாஹிமா முயல் வளர்க்கிறாள். காது குட்டை, வாலே இல்லை, படத்தில் பார்த்த பைக்கா அச்சாக அதேதான். குற்றாலத்தில் என் துண்டுக் கடையைச் சாத்திவிட்டு நேராகப் போய் அதன் வாயைத் திறந்தேன். பின்பல் ரெண்டையும் கண்ணாரக் கண்டேன். அதுவும் என் விரலைக் கண்டுவிட்டது. பாஹிமாவின் அம்மா ஹைருன் பீவி, "அண்ணாச்சி, சந்தையில மாட்டுக்குப் பல்லு பாக்க மாதிரில்லா பாக்கீங்க, கடிக்கும்லா!" என்று கத்தும்போது ரத்தம் வந்தாச்சு. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என்ன கடித்தது என்றார்.

"முயலு, சிஸ்டர்."

"முயலு வாயில விரலுக்கு என்ன வேல?"

"பல்லு எண்ணினேன்."

ஊசிக்கு நின்ற வரிசை முழுக்கச் சிரித்தது. பரவாயில்லை, சாட்சி கிடைத்துவிட்டது. ஆகவே கோபத்தை ஆற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை தென்காசி ஸ்டேஷனுக்கு வந்து பிள்ளைக்குத் திருநீறு பூச வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. நம்ம ரெண்டு வீட்டுச் சாஸ்தாவும் உங்களை நல்லா வைக்கட்டும்.

இப்படிக்கு,
கட்டுப் போட்ட விரலுடன்,
இசக்கிமணி

பி.கு: ஒட்டுவதற்கு முன் ஸ்வாதி இதைப் பிடுங்கி வாசித்துவிட்டாள். "அப்பா, எல்லாம் சரி. ஆனா பாஹிமா வளக்கது முயல் இல்ல, கினி பிக். அது அசல் எலி வகையறா. அதுக்குப் பின்னாடி பல்லே கிடையாது" என்கிறாள். "அப்போ நான் பாத்தது?" என்றேன். "கேரட்டா இருக்கும்." ஆகவே மேலே கண்ணாரக் கண்டதாக எழுதியதை அடித்துவிட்டு வாசிக்கவும். என்னைக் கடித்ததும் எலி வகையறாதான். ஆனால் மச்சான், ஒரு வாரமாகச் சிரிக்காத பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த கையோடு பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டாள், நீங்கள் வருவீர்கள் என்று.

துணி அடுக்கிக்கொண்டே, பைக்கா கோடையிலேயே புல்லைக் காயப்போட்டுப் படப்பு வைத்துவிட்டுப் பனிக்காலம் பூராவும் அங்கேயே கிடக்கும் என்றாள். பனி முடிந்துதான் அவளும் வருவாளாம். அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும், நான் சொன்னால் சிரிப்பாள். மாமன் சொன்னால் கேட்பாள், நெற்றியில் பூசும்போது நீங்களே சொல்லிவிடுங்கள்: அது பாறை மேல ஏறி நின்னு கூட்டாளிகளுக்குச் சத்தம் குடுக்குமாம்லா, அதே மாதிரி நீயும் அப்பாவுக்குத் தெனம் போன்ல ஒரு சத்தம் குடு, பிள்ளே.