முள்ளம்பன்றியின் 'இஃப்' மனு

ஒரு காட்டில், மழை இரண்டு வருஷமாக வாக்குத் தவறிக்கொண்டிருந்த காலத்தில், சடைச்சி என்றொரு முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்துவந்தாள். அந்தக் காட்டுக்கு ஒரு சிங்கம் ராஜா. நம் பக்கத்துக் காடுகளில் சிங்கம் ஏது என்று கேட்காதீர்கள். நீதிக்கதை என்று வந்துவிட்டால் சிங்கம் இருந்தே ஆக வேண்டும். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டின் நடுவே, பாறை இடுக்கில் ஒரு சுனை. எந்தக் கோடைக்கும் வற்றாதது. ஒரு நாள் காலை சடைச்சி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போனால், சுனையைச் சுற்றி மூங்கில் வேலி. வேலிக்கு ஒரு மரக்கதவு. கதவில் ஒரு பலகை: 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' உள்ளே எட்டிப் பார்த்தாள். பணி ஒன்றும் நடக்கவில்லை. ராஜா மட்டும் கழுத்தளவு தண்ணீரில் கிடந்து தன்னைப் பராமரித்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்களுக்கு இனி மலைக்கு அந்தப் பக்கத்து ஆறுதான். மான்களுக்கு அது ஒரே ஓட்டம். முள்ளம்பன்றிக் காலுக்கு அரை நாள். மூன்றாம் நாள் இளைய குட்டி பாதி வழியில் படுத்துக்கொண்டது. "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் இங்கயே இருக்கேன்" என்றது. அதன் நாக்கு வெளுத்திருந்தது. முதுகில் தூக்கிக்கொள்ளலாம் என்றால் சடைச்சிக்கு முதுகெல்லாம் முள். வாயால் கவ்வி, இழுத்து, நிறுத்தி, மறுபடி கவ்வி, எப்படியோ ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இன்னொரு முறை இந்த நடை நடந்தால் ஒரு குட்டியோடுதான் திரும்புவோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி, நாவல்பழச் சாற்றில் தொட்டு, ஒரு தேக்கிலையில் மனு எழுதினாள். 'ராஜாவுக்கு, எம்புள்ளைகளுக்குத் தண்ணி வேணும். கதவத் தொறந்து விடுங்க. இப்படிக்கு, சடைச்சி.'

அரண்மனைக் குகையின் ஜன்னலில் நரி உட்கார்ந்திருந்தார். அவர் ராஜாவின் செயலர். சடைச்சி காலையில் வரிசையில் நின்று பிற்பகலில் ஜன்னலை அடைந்தாள். நரி மனுவை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், செத்த எலியைத் தூக்குவதைப் போல.

"என்னம்மா இது?"

"மனு ஐயா."

"இது மனு இல்ல, மிரட்டல். 'வேணும்', 'தொறந்து விடுங்க'. ராஜாவை வேலைக்காரன்னு நெனச்சியா? அதோட, மகாராஜா வெளிநாட்டு மிருகக்காட்சி சாலையில ஆறு மாசம் பயிற்சி எடுத்துட்டு வந்ததிலருந்து மனுவெல்லாம் இங்கிலீஷ்லதான். அதுலயும் நேராக் கேக்கக் கூடாது. 'இஃப்' போட்டு, தன்மையா, சுத்தி வளைச்சுக் கேக்கணும். அடுத்த டோக்கன்!"

இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கத் தெரிந்த ஒரே ஜீவன் பரஞ்சோதி என்கிற கிளி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டுக் கூண்டில் பதினோரு வருஷம் இருந்து, இலக்கணம் முழுவதையும் கம்பி வழியாகக் கேட்டு மனப்பாடம் செய்தவர். இலவ மரத்தடியில் வகுப்பு நடத்திவந்தார். நாளுக்கு ஒரு கொய்யா. சடைச்சி சேர்ந்தாள். அதுவரை குட்டிகளுக்கு விடிகாலையில் இலைமேல் நக்கிய பனியும், வாத்தியாருக்குக் கொடுத்ததுபோக மிஞ்சிய கொய்யாவும்தான் தண்ணீர். அவளுக்குப் பக்கத்தில் மொக்கையன் என்கிற காட்டெருமை உட்கார்ந்திருந்தான். அவன் உட்கார்ந்தால் மரத்தடியில் வேறு யாருக்கும் இடமில்லை என்பதால் வகுப்பில் மொத்தம் இரண்டே பேர்.

"இஃப் மூணு வகை" என்று இரண்டாவது வாரம் கிளி வாத்தியார் தொடங்கினார். "முதல் வகை: இஃப் இட் ரெயின்ஸ், வி வில் டிரிங்க். மழை பெய்தால் குடிப்போம். நடக்கக்கூடியது. இரண்டாம் வகை: இஃப் ஐ வேர் எ லயன், ஐ வுட் டிரிங்க். நான் சிங்கமாக இருந்தால் குடிப்பேன். நடக்கவே நடக்காதது. மூன்றாம் வகை: இஃப் இட் ஹேட் ரெயின்ட், வி வுட் ஹேவ் டிரங்க். மழை பெய்திருந்தால் குடித்திருப்போம். பெய்யவும் இல்லை, குடிக்கவும் இல்லை, எல்லாம் முடிந்தது. இரங்கல் கூட்டத்துக்கு உகந்தது."

'வேர்' என்றதும் சடைச்சிக்கு வாயில் எச்சில் ஊறியது. அவள் தின்பதே வேர்தான். விழுங்கிக்கொண்டு கேட்டாள்: "சார், நான்னு சொல்றப்ப 'வாஸ்' வரும்னு போன வாரம் சொன்னீங்களே? இப்ப எப்படி 'வேர்' ஆச்சு?"

"உண்மையாக இருந்திருந்தால் வாஸ். இல்லாததற்கு ஆசைப்பட்டால் வேர். அதுதான் சப்ஜங்டிவ். ஆசைப்படுகிறவர்களுக்கென்று தனி இலக்கணம்."

"ஏன் சார்?"

"ஏன் என்பது பாடத்திட்டத்தில் இல்லை. இன்னொன்று எழுதிக்கொள். லாங் லிவ் த கிங். ராஜா வாழ்க. இதில் 'லிவ்ஸ்' என்று எஸ் போடக் கூடாது. ராஜா வாழ்கிறார் என்றால் எஸ் உண்டு. வாழட்டும் என்று வேண்டினால் எஸ் கிடையாது."

வேண்டிக் கேட்கிறவர்களுக்கு ஓர் எஸ் கூடத் தர மாட்டார்கள் போலிருக்கிறது என்று சடைச்சி நினைத்துக்கொண்டாள். ஆனாலும் எழுதினாள். இரண்டு வாரத்தில் அவள் முதுகில் முள் பாதியாகக் குறைந்திருந்தது. அத்தனையும் எழுதித் தேய்ந்தவை.

மொக்கையனுக்கு மட்டும் எதுவும் ஏறவில்லை. "இஃப் ஐ வேர் எ லயன், சொல்" என்பார் வாத்தியார். "வாட்டர்" என்பான் அவன். "வுட் என்று ஒன்று நடுவில் வர வேண்டும், எங்கே?" என்பார். "கிவ் வாட்டர்" என்பான். பத்தாம் நாள் வாத்தியார் அவனை வகுப்பைவிட்டு நீக்கினார். அவனும் வருத்தப்படாமல் எழுந்து போனான்.

சடைச்சி மனுவை எழுதி முடித்தாள். ஒரு பிழை இல்லாமல் அவளுக்கு எழுத வந்த வாக்கியம் ஒன்றே ஒன்று. 'இஃப் ஐ வேர் த கிங், ஐ வுட் ஓப்பன் த ஸ்பிரிங் டுடே.' நான் ராஜாவாக இருந்தால் சுனையை இன்றே திறப்பேன். கிளி வாத்தியார் அதை மூன்று முறை படித்து, "அப்பழுக்கில்லை" என்றார். அவர் வாயால் இப்படி ஒரு சொல் வருவது அபூர்வம். சடைச்சிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது.

ஜன்னலில் நரி அதைப் படித்தார். முதல் ஐந்து சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

"நீ ராஜாவா? ராஜத் துரோகம்!"

கால் மணி நேரத்தில் சடைச்சி சபையில் நின்றாள். வாசலில் குட்டிகள் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ராஜத் துரோகத்துக்கு அந்தக் காட்டில் ஒரே தண்டனை. குடும்பத்தோடு வறட்டு மேட்டுக்கு அப்பால் துரத்திவிடுவார்கள். அங்கே சுனையும் கிடையாது, ஆறும் கிடையாது.

சிங்கம் ஈரப் பிடரியை உதறியபடி கேட்டது. "ஏம்மா, என் நாற்காலி மேல உனக்கென்ன அப்படி ஒரு கண்ணு?"

"ஐயோ மகாராஜா! அது 'வேர்'ங்க, 'வாஸ்' இல்லீங்க!"

சிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆறு மாத வெளிநாட்டுப் பயிற்சியில் அது கற்றது 'ஹலோ', 'சிக்கன்' இரண்டும்தான். அதைச் சபையில் ஒப்புக்கொள்ள முடியுமா? கிளி வாத்தியாரைக் கூப்பிடச் சொன்னது.

கிளி வந்தார். சிங்கத்தின் வாயைப் பார்த்தார். பதினோரு வருஷக் கூண்டு எவ்வளவு பாதுகாப்பானது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். "மகாராஜா, நான் இலக்கணம் மட்டும்தான் சொல்லிக் கொடுத்தேன். அர்த்தம் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டு, உத்தரவுக்குக் காத்திராமல் பறந்துவிட்டார்.

சடைச்சி வாசல் பக்கம் திரும்பினாள். இளையது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பயம் போய்விட்டது. போய்விட்டது என்பதைவிட, பயப்பட நேரமில்லை என்று ஆகிவிட்டது.

"மகாராஜா, கேளுங்க. 'வேர்' போட்டா அது ஒருக்காலும் நடக்காதுன்னு அர்த்தம். நான் எந்த ஜென்மத்துலயும் ராஜா ஆக மாட்டேன்னு நானே எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். இதைவிட விசுவாசமா ஒருத்தி எழுத முடியுமா?"

சிங்கம் யோசித்தது. அதற்கு மெல்ல முகம் மலர்ந்தது. "அட, நல்லா இருக்கே! செயலரே, என் நாற்காலியவே பாத்துக்கிட்டிருக்கற அந்தச் சிறுத்தைகிட்டயும் இதே மாதிரி ஒண்ணு எழுதி வாங்கி வைங்க. இவளை விடுதலை பண்ணுங்க."

சடைச்சிக்கு மூச்சு வந்தது. "அப்ப மகாராஜா, அந்தச் சுனை..."

நரி தொண்டையைக் கனைத்தார். "வாக்கியத்தோட முன்பாதி நடக்காதுன்னு மனுதாரரே ஒப்புக்கொண்டுவிட்டார். முன்பாதி நடக்காவிட்டால் பின்பாதியும் நடக்காது. ஆகவே சுனை இன்று திறக்கப்படாது என்பது மனுதாரரின் சொந்த வாக்குமூலம். மனு முடித்துவைக்கப்படுகிறது."

சபையில் எல்லோரும் கை தட்டினார்கள். இலக்கணம் எவ்வளவு நியாயமானது பாருங்கள். யாரையும் தண்டிக்கவில்லை, யாருக்கும் எதுவும் கொடுக்கவும் இல்லை.

வெளியே வரிசையில் மொக்கையன் நின்றுகொண்டிருந்தான். கையில் மனு இல்லை. எழுதத் தெரிந்தால்தானே?

"என்னாச்சுக்கா?"

சடைச்சி எல்லாவற்றையும் விளக்கினாள். வேர், வாஸ், முன்பாதி, பின்பாதி. மொக்கையன் தலையைச் சாய்த்துப் பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப தண்ணி உண்டா, இல்லையா?"

"இல்லப்பா."

"சரி" என்றான். வரிசையிலிருந்து விலகி நேராகச் சுனையை நோக்கி நடந்தான். கதவின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றான். பலகையைப் படித்தான் என்று சொல்ல முடியாது. தலையைத் தாழ்த்தி ஒரு முட்டு. அவ்வளவுதான். பராமரிப்புப் பணி நிறைவடைந்தது.

காடே திரண்டு வந்து குடித்தது. சடைச்சி மட்டும் கொஞ்சம் தயங்கினாள். முடித்துவைக்கப்பட்ட மனுவுக்குத் தண்ணீர் குடிக்கலாமா? அவள் யோசித்து முடிப்பதற்குள் குட்டிகள் இரண்டும் அவள் காலுக்கிடையே புகுந்து ஓடி, முகத்தைத் தண்ணீருக்குள் புதைத்துக்கொண்டன. இளையது குடித்துக் குடித்து மூச்சு முட்டி, தும்மி, மறுபடி குடித்தது. அதைப் பார்த்தபடியே சடைச்சி குடித்தாள். கலங்கிய தண்ணீர்தான். தேனாக இறங்கியது.

நரி ஓடி வந்தார், பின்னாலேயே சிங்கமும். உடைந்த கதவைப் பார்த்தார். மொக்கையனைப் பார்த்தார். அந்த உடம்பை எந்தச் சட்டப் பிரிவுக்குள் அடக்குவது என்று யோசித்தார். பிறகு சிங்கத்திடம் போய் ஏதோ பேசினார். சிங்கமும் மொக்கையனின் கொம்பை ஒரு தடவை பார்த்துவிட்டு, தனக்கு ஜலதோஷம் என்று சொல்லிக் குகைக்குள் போய்விட்டது.

அப்புறம் நரி சடைச்சியிடம் வந்தார். குரலில் அப்படியொரு பணிவு.

"சடைச்சியம்மா, ஒரு சின்ன உதவி. ராஜாவோட கதவை ஒரு எருமை ஒடைச்சதுன்னு வெளியில தெரிஞ்சா நாளைக்கு யானை வரும், நாளை மறுநாள் பன்னி வரும். ஒடைஞ்ச கதவு ஒடைஞ்ச மாதிரியே இருக்கட்டும். ஆனா ஒடையாத மாதிரி ஒரு வாக்கியம் வேணும். இந்தக் காட்டுல உங்களைத் தவிர யாருக்கு எழுத வரும்?"

சடைச்சிக்கு உடனே புரிந்தது. அது மூன்றாம் வகை. மனதுக்குள் வாக்கியம் தானாகவே வந்து நின்றது. அப்படி வந்ததே அவளுக்குக் கொஞ்சம் அருவருப்பாக இருந்தது. கரையில் வயிறு புடைத்துப் படுத்திருந்த குட்டிகளைப் பார்த்தாள்.

"எழுதறேன். அதுக்கு முன்னால நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்க. எம்புள்ளைக எப்ப வேணாலும் குடிக்கலாம், வரிசை கிடையாதுன்னு. 'இஃப்' போடாம எழுதுங்க."

நரி எழுதிக் கொடுத்தார். சடைச்சி முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினாள். அன்று மாலையே சுனைக் கரையில் புதுப் பலகை எழுந்தது.

'இஃப் ஹிஸ் மெஜஸ்டி ஹேட் நாட் ஓப்பன்ட் த கேட், த பஃபலோ வுட் ஹேவ் புரோக்கன் இட்.'

மகாராஜா கதவைத் திறந்திருக்காவிட்டால், எருமை அதை உடைத்திருக்கும். ஆகவே திறந்தவர் மகாராஜா. எருமை எதையும் உடைக்கவில்லை. உடைந்து கிடந்த கதவின் மேல் உட்கார்ந்தே காட்டு மிருகங்கள் நரி இதைப் படித்து விளக்கியதைக் கேட்டு, ராஜாவின் கருணையை நினைத்து உருகின. லாங் லிவ் த கிங் என்று கத்தின, எஸ் இல்லாமல்.

மொக்கையன் சடைச்சியிடம் வந்தான். "அக்கா, பலகையில என் பேரு இருக்குன்னாங்களே, என்ன போட்டிருக்கு?"

சடைச்சி அவன் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். "ஒன்னால ஒடைக்க முடியும்னு போட்டிருக்குப்பா."

"அட! இங்கிலீஷ்லயா?" என்று மொக்கையன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். அன்று முழுக்க அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே நின்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் இரும்புக் கதவு வந்தது. ஜன்னலில் நரிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டார்கள். அதில் சடைச்சி உட்கார்ந்தாள். முதல் நாள் வரிசையில் முதலில் நின்றது ஒரு முயல். மனுவை நீட்டியது. சடைச்சி படித்தாள். நிமிர்ந்தாள். "நேத்தே வந்திருந்தா குடுத்திருப்போமேம்மா" என்றாள், ரொம்பத் தன்மையாக.

நீதி: கதவை உடைக்கக் கொம்பு வேண்டும், உடைத்ததை ராஜா திறந்ததாக எழுத இலக்கணம் வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் டோக்கன் பெற்றுக்கொண்டு வரிசையில் நிற்கவும்.