திரை வேண்டாத லேப்டாப்

எனக்குச் செருப்பு வாங்கப் போனாலும் கடைக்காரர் என்னிடம் பேசமாட்டார். கூட வந்தவரிடம்தான் கேட்பார்: "இவருக்கு என்ன சைஸ்?" காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான். எனக்குக் கண்தான் தெரியாது. காதும் வாயும் காலும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. ஆனாலும் பார்வையில்லாதவனுக்குத் தன் கால் அளவுகூடத் தெரியாது என்று எல்லாக் கடைக்காரர்களும் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். (டாக்டர்கள் இன்னும் மோசம். "இவருக்கு எங்க வலிக்குது?" என்று என் மச்சானைக் கேட்ட டாக்டர் ஒருவர் உண்டு. மச்சானும் கொஞ்சம் யோசித்து, "வயித்துல" என்றார். எனக்கு வலித்தது முதுகு.)

முப்பது வயதில் இந்த விஷயத்தில் எனக்கு வெறியே பிடித்திருந்தது. இனி எதை வாங்கினாலும் கண் தெரிந்த ஒருவரையும் கூட அழைத்துப் போவதில்லை என்று சபதம் செய்திருந்தேன். அந்தச் சபதத்தோடு போய் வாங்கியதுதான் லேப்டாப்.

அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தில் மணக்காட்டுப் பக்கம் வாடகைக்கு இருந்தோம். நாங்கள் என்றால் நானும் என் மனைவி தங்கமும். அவளுக்கும் பார்வை கிடையாது. ஓர் அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். நான் வரலாறு படித்து, பி.எட். முடித்து, வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டு, ஊரில் உள்ள பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் இன்டர்வியூவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: "சார் எப்படிப் பாடம் எடுப்பீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதிலாக என்னிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. ஹாஸ்டல் நண்பன் ஒருவன் வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. கனத்தில் அம்மிக்கல்லுக்குத் தம்பி. திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளை அதில் போட்டிருந்தேன். எனக்கு லேப்டாப்பின் ஸ்பீக்கர்தான் திரை. அந்த ஸ்பீக்கர் கொஞ்ச நாள் கரகரத்து, ஒரு நாள் ஒரேயடியாக ஊமையாகிவிட்டது. ஹெட்போன் செருகும் ஓட்டை அதற்கு முன்பே போயிருந்தது.

பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்துவிட்டு உற்சாகமாகச் சொன்னார்: "சாரே, பயப்படாண்டாம். ஸ்கிரீன் பளிங்கு போல இருக்கு. சவுண்டு மட்டும்தான் போயி. இந்த மாடலுக்கு இனி ஸ்பீக்கர் கிட்டாது. சவுண்டு இல்லேன்னா என்னா, வேலை நடக்குமே?"

எனக்கு நடக்காது என்பதை அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அந்த நேரம் பார்த்துத்தான் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பள்ளியிலிருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. வரலாற்று ஆசிரியர் வேலை, நிரந்தரம். இந்த முறை கேள்வியை அவர்கள் கேட்பதற்கு முன்பே மேசையில் லேப்டாப்பை வைத்துப் பாடக்குறிப்பைப் படிக்கவிட்டு வாயை அடைத்துவிட வேண்டும் என்று திட்டமிட்டேன். அதற்குப் புதிது வேண்டும், உடனே வேண்டும்.

தங்கத்தின் அண்ணன் நாகராஜன் சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். முதுகுவலிக்கு வயிற்றைச் சொன்ன மச்சான் இவர்தான். விஷயம் கேள்விப்பட்டதும் ஓடி வந்தார்.

"மாப்ளே, நானும் வாறேன். நாலு கடை ஏறி எறங்கிப் பாத்து எடுப்போம்."

"வேண்டாம் மச்சான். நாங்களே பாத்து எடுத்துக்கிடுவோம்."

"நீரு எப்படிவே பாப்பீரு?"

பாவம், அவர் ஒன்றும் நினைத்துக் கேட்கவில்லை. ஆனால் அந்த 'எப்படி' எனக்குச் சுரீரென்று ஏறியது. "கையால பாப்பேன், காதால பாப்பேன். கண்ணு வச்சிருக்கவன் எல்லாம் என்னத்தப் பாத்துக் கிழிச்சான்?" என்று முழங்கினேன். (இப்போது நினைத்தாலும் அந்த வாயில் எதையாவது திணிக்கத் தோன்றுகிறது.) தங்கம் மட்டும், "அண்ணன் சும்மா கூட வந்து நிக்கட்டுமே" என்றாள். சபதம் செய்தவன் மனைவி பேச்சைக் கேட்பானா?

சனிக்கிழமை நானும் தங்கமும் பழவங்காடியில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைகிற சத்தம்தான் எங்களுக்குத் திசை. அதை வலது பக்கம் வைத்துக்கொண்டு நடந்து, கேட்டுக் கேட்டு, ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தோம். ஏ.சி. காற்று முகத்தில் அடித்தது. விற்பனையாளர் ஒருவர் வந்தார். வழக்கப்படி என்னை விட்டுவிட்டுத் தங்கத்திடம் ஆரம்பித்தார்.

"மேடம், சாருக்கு எந்தக் கலர் வேணும்?"

தங்கம் தன் கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். அதன்பின் அங்கே ஏற்பட்ட அமைதி இருக்கிறதே, அது என் வாழ்க்கையின் மகத்தான வெற்றிகளில் ஒன்று. பாவம், பேசுவதற்கு ஆள் இல்லாமல் அந்த மனிதர் திண்டாடினார். கடைசியில் வேறு வழியின்றி என்னிடமே பேசினார்.

ஒவ்வொரு மேசையாகப் போனேன். விசைகளைத் தடவினேன், கையில் தூக்கிப் பார்த்தேன், பாட்டுப் போடச் சொல்லி டாக்டர் மாதிரி காதை வைத்துக் கேட்டேன். ஒன்று தகரம், ஒன்று மூக்கடைப்பு. கடைசியாக ஒன்றில் குரல் தேன் மாதிரி வந்தது. விசைகளும் விரலுக்கு இதமாக இருந்தன.

"சார், அது ஷோவுக்கு வச்ச பீஸ். எல்லாம் ஓகேயாணு. பக்ஷே ஸ்கிரீன் சிலப்போ வரும், சிலப்போ வராது. அதுனால விலை குறைச்சுத் தராம்." பிறகு கொஞ்சம் தயங்கி, "சாருக்குப் பின்னே ஸ்கிரீன் எதுக்கா?" என்றார்.

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கடைக்காரர் எனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று யோசித்திருக்கிறார்! "ஸ்கிரீனைக் கழட்டி நீங்களே வச்சுக்கிட்டாலும் சரி" என்றேன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் கொண்டுபோன சி.டி.யைப் போட்டு, திரையைப் படிக்கும் மென்பொருளையும் ஏற்றிக் கொடுத்தார். அப்போது இன்னொருவரும் அவர் பக்கத்தில் வந்து நின்று கிசுகிசுத்துச் சிரித்தார். என் நகைச்சுவை இன்னும் வேலை செய்கிறது என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதை வைத்துப் பயிற்சி செய்தேன். தங்கமும் கேட்டுவிட்டு, "குரல் நல்லா இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தாள். அன்று எங்கள் வீட்டுக்குக் கண் தெரிந்தவர் ஒருவரும் வரவில்லை.

திங்கட்கிழமை இன்டர்வியூ. மேசைக்கு அப்புறம் மூன்று பேர்: தலைமையாசிரியை சிஸ்டர், பள்ளி மேனேஜரான ஃபாதர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர். ஓரமாக இன்னும் சில டீச்சர்கள். (நான் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் பேசியதை இங்கே தமிழில் தருகிறேன். அந்த அளவுக்கு நீங்கள் தப்பித்தீர்கள்.)

எதிர்பார்த்த கேள்வி வருவதற்கு முன்பே லேப்டாப்பைத் திறந்து உயிர்ப்பித்தேன். திரை இருட்டாக இருப்பதை அவர்களே காணட்டும் என்று அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன்.

"பாருங்கள் சிஸ்டர். இதில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தால் போதும்."

"ஈசோயே" என்றார் சிஸ்டர் மெல்ல, இயேசுவே என்று.

என் கண்ணைப் பார்த்து இரக்கப்படுகிறார் என்று நினைத்தேன். இரக்கம் எனக்கு ஆகாது. குரலை உயர்த்தினேன். "நானே தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். என் மனைவிக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. நேற்று முழுவதும் இதோடுதான் இருந்தேன்."

ஃபாதருக்கு இருமல் வந்தது. யாரோ தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள்.

"வகுப்பிலும் இதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பாடம் எடுப்பேன்."

"மதி சாரே, மதி" என்றார் சிஸ்டர், போதும் என்று. "அது அடைச்சோளூ."

"எதற்கு மூட வேண்டும்? கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. பிள்ளைகளும் பார்த்துப் பழகட்டும்."

ஓரத்தில் ஒரு டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார். அவ்வளவுதான், எனக்குள் வருடக்கணக்காகக் கிடந்ததெல்லாம் பொங்கிவிட்டது. குறையுள்ளவனைப் பார்த்துச் சிரிக்கும் சமூகத்தைப் பற்றியும், முகத்தில் கண் இருந்தும் மனதில் பார்வை இல்லாதவர்களைப் பற்றியும் ஒரு பிரசங்கமே செய்தேன். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. பாடக்குறிப்பைத் திறக்கும் சந்தர்ப்பம் வரவேயில்லை. "அறியிக்காம்" என்றார் ஃபாதர், தகவல் சொல்கிறோம் என்று. வெற்றி வீரனாகத் தடியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தார், என்ன ஆயிற்று என்று கேட்க. தங்கம் சாயா கொண்டுவந்து வைத்தாள். நான் வாயால் சொல்வதற்கு முன் லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். "எப்படி இருக்கு மச்சான்? காதால பாத்து எடுத்ததாக்கும்."

அவர் சாயா கிளாசை டக்கென்று கீழே வைத்தார். பிறகு, "மாப்ளே" என்றார், "ஆரு இது?"

"எது?"

"தங்கம், நீ செத்த உள்ள போ."

"எதுக்கு? இங்க நின்னா எனக்கு என்ன தெரியப் போவுது?" என்றாள் தங்கம்.

அவர் சொல்லத்தான் வேண்டியிருந்தது. திரை அன்று காலையிலிருந்து 'சிலப்போ வரும்' நிலையில் இருந்திருக்கிறது. அதில் கடையிலிருந்தவர்கள் வைத்த படம். கடற்கரை. மணலில் ஒரு வெள்ளைக்காரி படுத்திருக்கிறாள்.

"துணி?" என்று கேட்டாள் தங்கம்.

மச்சான் ஜவுளிக்காரர். பொய் சொல்ல மனம் வரவில்லை. "துணி உண்டு பாத்துக்க. ஆனா நம்ம கடைக் கர்ச்சீப்பு ஒண்ணு எடுத்தா, இவள மாதிரி ரெண்டு பேருக்குத் தச்சிரலாம்."

காலையில் நான் பேசிய ஒவ்வொரு வாக்கியமும் அப்போது ஒன்றன்பின் ஒன்றாக என் காதுக்குத் திரும்பி வந்தது. தடவிப் பார்த்தது. மனைவிக்குப் பிடித்தது. பிள்ளைகள் பழக வேண்டியது. தாங்கமுடியாமல் எல்லாவற்றையும் அவர்களிடம் சொன்னேன். மச்சான் தரையில் உட்கார்ந்து சிரித்தார். தங்கம் சிரிக்கவில்லை.

"இத்தன பேரு கண்ணத் தொறந்து பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. ஒருத்தருக்காவது வாயத் தொறந்து சொல்லத் தோணலையா?" என்றாள்.

அதுதான் எனக்கும் உறுத்தியது. ஒருவன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டு வந்தால்கூட ஓரமாக அழைத்துச் சொல்வார்கள். என்னிடம் சொல்லவில்லை. என்னைப் பற்றி என்னிடமே பேசலாம் என்பது அங்கேயும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தகவல் வரவில்லை. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் போன் செய்தேன். சிஸ்டரே எடுத்தார். படத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, கடைக்காரர்கள் செய்த வேலை, மன்னிக்க வேண்டும் என்று திக்கித் திணறிச் சொன்னேன்.

"அய்யோ சாரே, அது ஞங்ஙளுக்கு மனசிலாயி" என்றார் அன்பாக. "சார் அதைக் கண்டதில்லல்லோ. வேற ஆளை எடுத்தாச்சு. பக்ஷே அது படம் கொண்டல்ல."

படத்தினால் இல்லையாம்.

"பின்னே?"

"பின் பெஞ்சுல பிள்ளேரு என்ன செய்யிதுன்னு சாருக்கு எங்ஙனே அறியும்? சார் தடியும் தட்டி வரும்போதே ஃபாதர் சொன்னது, ஒரு மரியாதைக்குக் கூப்பிட்டு இருத்திட்டு அனுப்பி விடலாம்னு." பிறகு, "ஞான் பிரார்த்திக்காம்" என்றார்.

நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அதுவரை அந்த வெள்ளைக்காரியைச் சபித்துக்கொண்டிருந்தேன். அவளால் வேலை போயிருந்தால் அது கண் தெரிந்த எந்த மடையனுக்கும் வரக்கூடிய விபத்து. அந்த ஆறுதலும் அன்றைக்குப் போயிற்று. நான் அந்த அறைக்குள் நுழைந்தபோதே எல்லாம் முடிந்திருந்தது. லேப்டாப்பைத் திறந்ததும் பிரசங்கம் செய்ததும் முடிந்த காரியத்துக்குமேல் நான் ஆடிய கூத்து.

இதைத் தங்கத்திடம் மட்டும் சொன்னேன். "அண்ணன்கிட்ட சொல்லாண்டாம்" என்றாள். "அவன் சிரிச்சிட்டாவது இருக்கட்டும்."

மச்சான் நன்றாகவே சிரித்தார். ஒரு கல்யாணம் காதுகுத்து விடாமல் அவர் சொல்லச் சொல்ல, கதையில் ஃபாதர் மயங்கி விழுந்தார், சிஸ்டர் ஜெபமாலையை எடுத்தார், வெள்ளைக்காரியின் கர்ச்சீப்பும் கதைக்குக் கதை சுருங்கிக்கொண்டே வந்தது. சொந்தக்காரர் வட்டத்தில் எனக்கு 'வெள்ளைக்காரி வாத்தியார்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பிற்பாடு ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் எனக்கு ஓர் அலுவலக வேலை கிடைத்தது, வாத்தியார் ஆகவேயில்லை. ஆனாலும் பெயர் போகவில்லை.

எங்கள் மகளுக்குக் கண் நன்றாகத் தெரியும். மாமனிடம் கேட்ட கதையைக் கல்லூரித் தோழிகளை வீட்டுக்கு அழைத்து வந்து என் முன்னாலேயே நடித்துக் காட்டுவாள். போன மாதமும் அப்படித்தான். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவள் கேட்டாள்.

"அப்பா, அந்த வெள்ளைக்காரி மட்டும் இல்லேன்னா அந்த வேல உங்களுக்குக் கெடச்சிருக்கும், இல்லியா?"

"பின்னே? கண்டிப்பாக் கெடச்சிருக்கும்" என்றேன்.

அடுக்களையில் தங்கம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டது.