அப்போதிக்கரியாரின் ‘கொஞ்சம் கடுமை’

ஒஸ்லோ நகரத்தில் அப்போதிக்கரியாரின் வாயால் ஒருவர்கூடச் செத்ததில்லை. எங்கள் தமிழ்ச் சனத்தில் யார் கண்ணை மூடினாலும், நாலு பேருக்குப் போன் போட்டுச் சொல்லும் வேலையை அவர்தான் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்வார். ஆனால் செத்தவரைச் சாகவிடமாட்டார். அவர் கணக்கில் எல்லோருக்கும் ‘கொஞ்சம் கடுமை’தான்.

இது அவர் கண்டுபிடித்த வித்தை அல்ல, எங்கள் ஆட்களின் பழைய வழக்கம். சாவுச் செய்தியைப் போனில் பச்சையாகச் சொல்லக்கூடாது. கேட்கிறவர் படியில் நிற்கிறாரோ, கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நிற்கிறாரோ, யார் கண்டது? ‘ஆளுக்குக் கொஞ்சம் கடுமை, ஒருக்கா வாங்கோ’ என்றால் போதும். வந்து, முன்னால் வந்தவர்கள் வாசலில் கழற்றிக் குவித்திருக்கும் சப்பாத்துகளைக் கண்டதும் மிச்சம் விளங்கிவிடும். மற்றவர்கள் இந்த வழக்கத்தை ஆபத்து அந்தரத்துக்குத் தொட்டுக்கொள்வார்கள். இவர் அதற்குள்ளேயே குடியிருந்தார். ‘சுகமில்லை’ என்றால் ஆள் ஆஸ்பத்திரியில். ‘கொஞ்சம் கடுமை’ என்றால் ஆள் இல்லை. ‘நல்லாக் கடுமை’ என்றால் செத்தவீடே முடிந்துவிட்டது, எட்டாம் நாள் படைக்கிற எட்டுச்செலவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம்.

ஒருநாள் அவர் ட்ரெயினில் வந்து இறங்குவதைப் பார்த்து, “என்னண்ணை, கார் எங்கை?” என்று கேட்டேன்.

“அதுக்குக் கொஞ்சம் கடுமை, தங்கச்சி.”

பாவம், கராஜில் நிற்கிறதாக்கும் என்று நினைத்தேன். பிறகு விசாரித்தால், பழைய இரும்புக்காரன் அதைப் போன கிழமையே நசுக்கித் தகடாக்கிவிட்டான்.

அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னாலும் உங்களுக்கு ஆளைத் தெரியாது. இளந்தாரியாக வடக்கே பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்து, பனிக்கும் இருட்டுக்கும் நடுவில் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி, அம்மருட் பகுதியில் ஒரு மாடிவீட்டில் குடியேறியவர். நானும் அவரும் ஒரே முதியோர் இல்லத்தில் உதவியாளர்களாக வேலை செய்தோம். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, வாயில் சாப்பாடு தீத்துவது. ஊசி, மருந்து, பெரிய கதைகள் எல்லாம் நேர்ஸ்மாரின் பாடு.

ஒருநாள் எங்கள் இல்லத்தில் ஒரு திட்டம் வந்தது. வேலையை விடாமலே படிக்கலாம், சம்பளமும் நிற்காது. சில நாள் கல்லூரி, சில நாள் வார்டில் பயிற்சி, முடிவில் பட்டமும் பதிவு பெற்ற தாதி என்ற தகுதியும். மேலாளர் பேசி முடிக்கவில்லை, அப்போதிக்கரியாரின் கை மேலே போய்விட்டது. ஐம்பது தாண்டிய கை. அதைப் பார்த்த ரோசத்தில் நானும் என் கையைத் தூக்கினேன்.

“பேரப்பிள்ளையோடை சேந்து புத்தகப்பை வாங்கப் போறார்,” என்று அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. “தங்கச்சி, மீன் வெட்டினனான், படி கழுவினனான், கோப்பை கழுவினனான். எல்லா இடத்திலையும் சட்டையிலை ‘உதவி’ எண்டுதான் குத்தியிருந்தது. சாகிறதுக்கு முந்தி ஒரு நாளாவது ‘நேர்ஸ்’ எண்டு குத்தோணும்,” என்றார். எனக்குத் தெரிந்து, தன் வாயால் அவர் ‘சாகிறது’ என்று சொன்னது தன்னைப் பற்றி மட்டும்தான்.

படிப்புத் தொடங்கியதும் ஊருக்குப் பிடித்தது சனி. கலியாண வீடுகளில் சந்தனமும் கற்கண்டும் வைத்திருக்கிற தட்டுக்குப் பக்கத்தில், பிரஷர் பார்க்கிற கருவியோடு இவர் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்துகொள்வார். பன்னீர் தெளித்த கையோடு பிரஷரும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். ஒரு கலியாணப் பொம்பிளையின் தகப்பனைத் தாலி கட்டுகிற நேரம் பார்த்துப் பிடித்து, “அண்ணை, உங்களுக்கு ஏறிக்கிடக்கு, இருங்கோ,” என்று அமத்திவிட்டார். மண்டபத்துக் காசைக் கட்டிய மனிதனுக்கு ஏறாமல் என்ன செய்யும்? ஆட்டிறைச்சிக் கறி வந்தால் எலும்பைத் தூக்கிக் காட்டி இலத்தீனில் பெயர் சொல்லுவார். பக்கத்தில் இருப்பவர் மரக்கறிக்கு மாறிவிடுவார். அந்த நாட்களில்தான் அவருக்கு அப்போதிக்கரியார் என்ற பட்டம் கிடைத்தது. அந்தக் காலத்தில் எங்கள் கிராமத்து ஆஸ்பத்திரிகளில் டொக்டர் இல்லாத குறையைத் தீர்த்துவைத்த அரை டொக்டர்தான் அப்போதிக்கரி. கல்லூரி பட்டம் கொடுக்க முதலே ஊர் கொடுத்துவிட்டது.

வகுப்பு முடிந்தால், ட்ரெயின் ஏற முதல், நகரத்து நடு ஸ்டேஷனில் இருக்கிற கடையில் திராட்சைப் பணிஸ், அதாவது திராட்சை வைத்த பன், வாங்குவோம். அதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குனிந்து, வாங்கப்போகிற பணிஸை நோயாளி மாதிரிச் சோதிப்பார். “அது வேண்டாம், பிள்ளை. பின்னுக்கு இருக்கிறது. திராட்சை கூடினதாப் பாத்து...” பின்னால் வரிசை வளர்ந்து வாசலுக்குப் போய்விடும். கடைப் பெண் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவளுடைய பிரஷரையும் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

படிப்பில் ஆள் மோசமில்லை. மருந்துக் கணக்கு, உடற்கூறு எல்லாம் முக்கி முனகித் தாண்டினார். நோயாளிகள் அவர்மேல் உயிராக இருந்தார்கள். தடக்கியது வேறு இடத்தில்.

கடைசிக் கட்டப் பயிற்சிக்கு எங்களை வேறு வேறு இல்லங்களுக்கு அனுப்பினார்கள். அவர் போன இடத்தில், பழைய கப்பல்காரர் ஒருவர் ஒரு மத்தியானம் காலமானார். கடைசி மூச்சுவரை அப்போதிக்கரியார்தான் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்திருக்கிறார். அவருடைய பயிற்சிப் பொறுப்பாளர் இங்கெர் என்ற நேர்ஸ். “மகளுக்கு நீயே போன் பண்ணிச் சொல், இதுவும் பயிற்சிதான்,” என்று சொல்லிவிட்டு டொக்டரோடு அறைக்குள் போய்விட்டார். நடந்ததை அன்று பின்னேரமே அப்போதிக்கரியார் எனக்கு ட்ரெயினில் சொன்னார்.

“உங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் கடுமை,” என்று நோர்வேஜியனில் தொடங்கியிருக்கிறார்.

எங்கள் ஆட்கள் என்றால் அந்த இடத்திலேயே போனைக் கீழே போட்டிருப்பார்கள். அந்த மகள் நோர்வேக்காரி. கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். “அப்படியா? காய்ச்சலா?” என்றாள்.

“காய்ச்சல்... இல்லை.”

“இருமல் இருந்ததே?”

“இருமல் முழுக்க நின்றுவிட்டது.”

“அது நல்லது. சாப்பிட்டாரா?”

“இனிப் பசிக்காது என்று நினைக்கிறேன்.”

“அப்பாவிடம் போனைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.”

அப்போதிக்கரியாருக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. “அவர் ஓய்வெடுக்கிறார்,” என்றார்.

“சரி, எழுப்ப வேண்டாம். சனிக்கிழமை வருகிறேன்.”

“ஐயோ, சனிக்கிழமை வேண்டாம்! இன்றைக்கு வாருங்கள். கொஞ்சம் இல்லை, நல்ல கடுமை!”

“அப்படியானால் வேலை முடிந்ததும் வருகிறேன்.”

இங்கெர் வெளியே வந்து, “சொல்லிவிட்டாயா?” என்று கேட்க, இவர் “சொல்லிவிட்டேன், இன்றைக்கே வருகிறா,” என்று நிம்மதியாகப் பதில் சொல்லியிருக்கிறார். அவர் மனதுக்கு அவர் சொன்னது பொய்யே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய முறையில்தான் சொல்லியிருந்தார்.

மகள் வந்தாள், கையில் ஒரு சின்னப் பையோடு. நோயாளி காலமானால் அறை வாசலில் ஒரு மெழுகுதிரி ஏற்றிவைப்பது அங்கே வழக்கம். எங்கள் வாசலில் சப்பாத்துகளைப்போல அவர்களுக்கு அந்தத் திரி. அதைக் கண்டதும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு இவரிடம் திரும்பி, “போனில் பேசும்போது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியும்,” என்றார். அந்த இடத்தில் பொய் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

“அப்பாவுக்குக் கால் குளிரும் என்று காலுறை வாங்கிக்கொண்டு வந்தேன். நீலமா சாம்பலா என்று கடையில் நின்று நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா இல்லாத நேரத்தில்!” அவள் கத்தவில்லையாம், அழுதாளாம். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றார்.

முறைப்பாடு போனது. அந்தப் பயிற்சியில் அவர் தேறவில்லை என்று அறிவித்தார்கள். இன்னும் ஒரே ஒரு தடவைதான், அதிலும் தவறினால் படிப்பு முடிந்தது என்றார்கள்.

“அந்தக் கொஞ்ச நேரமாவது அவவுக்குத் தகப்பன் இருந்தவர்தானே, தங்கச்சி?” என்று என்னைக் கேட்டார்.

“அண்ணை, இஞ்சை ஆக்கள் அப்பிடி நினைக்கமாட்டினம். தகப்பன் செத்தது முதல்லை மகளுக்குத்தான் தெரியோணும். அது அவவின்ரை உரிமை.” நான் சொன்னது சரிதான். இன்றைக்கும் அந்த மகள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்றைக்கு அவர் பணிஸ் வாங்கவில்லை.

பிறகு தொடங்கியது ஒத்திகை. ட்ரெயினில் எனக்கு எதிர் ஆசனத்தில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒரு பெட்டிக்கே கேட்கிற குரலில், நோர்வேஜியனில், “உங்கள் அப்பா இறந்துவிட்டார்!” என்பார். நான் மகளாக நடித்து, “ஐயோ, எப்போது?” என்று கேட்க வேண்டும்.

“சத்தத்தைக் குறையுங்கோ அண்ணை, சனம் பாக்குது.”

“தெளிவாச் சொல்லச் சொல்லித்தானே இங்கெர் சொன்னவா? உங்கள் அப்பா இறந்துவிட்டார்!”

ஒருநாள் இறங்குகிற நேரத்தில் ஒரு நோர்வே மூதாட்டி என் கையைப் பிடித்து, ஆழ்ந்த அனுதாபங்கள் என்றாள். இவரைப் பார்த்து, இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று கண்டித்துவிட்டும் போனாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரோ, “பாத்தியளே, அவையளுக்கும் மெதுவாத்தான் வேணும்,” என்றார் பாவமாக.

இரண்டாவது பயிற்சிக்கு வேறோர் இல்லம். அங்கே இவர் கால் வைத்த நாளிலிருந்து ஒருவரும் சாகவில்லை. படுக்கையை விட்டு எழும்பாமல் கிடந்தவர்கள்கூட எழும்பியிருந்து சூப் குடித்தார்கள். இப்படியே பயிற்சி முடிந்துவிடும் என்று நானும் கோயிலில் ஒரு தேங்காய் உடைப்பதாக நேர்ந்து வைத்தேன். தேங்காய் பலிக்கவில்லை. கடைசிக் கிழமையில் ஒரு பாட்டி போய்விட்டா. தினமும் வந்து பக்கத்தில் இருக்கிற அவவின் கணவர் அன்றும் தொப்பியோடு வந்து, “இன்றைக்கு எப்படி இருக்கிறாள்?” என்று இவரைத்தான் கேட்டாராம். இவர் ஒத்திகை பார்த்தபடியே, கண்ணைப் பார்த்து, தெளிவாக, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். பொறுப்பாளர் அவரைத் தட்டிக்கொடுத்தார். தேறிவிட்டார்.

நான் சந்தோஷத்தில் பணிஸோடு அம்மருட்டுக்கு ஓடினேன். ஆள் யன்னலோரம் இருந்தார்.

“என்னண்ணை, இனிக் கடைசிக் கட்டுரை ஒண்டுதானே? எழுதிக் குடுத்தால் நேர்ஸ்!”

அவர் நான் நீட்டிய பணிஸை வாங்கி யன்னல் கட்டையில் வைத்தார். பிறகு, “படிப்புக்குக் கொஞ்சம் கடுமை, தங்கச்சி,” என்றார்.

அவர் மொழியில் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத்தானே தெரியும்.

“விசரே உங்களுக்கு? இவ்வளவு தூரம் வந்திட்டு!”

“அந்த மனிசன் தொப்பியைக் கழட்டாமலே நிண்டவர். நான் சொன்ன உடனை அவரின்ரை கை தொப்பியைத் தேடுது, தலையிலை இருக்கிறது தெரியேல்லை. நான் சரியாத்தான் சொன்னனான். சரியாச் சொன்னதுக்குத்தான் பாஸ் போட்டவை.” அவர் பணிஸை என் பக்கம் தள்ளிவைத்தார். “நான் குளிப்பாட்டுவன், சாப்பாடு தீத்துவன், கடைசி நேரத்திலை கையைப் பிடிச்சுக்கொண்டு இருப்பன். அதுக்குப் பிறகு சொல்லுறதை நீங்கள் சொல்லுங்கோ.”

நான் சண்டை பிடித்தேன், அக்கா அழுதா, மேலாளர் கூப்பிட்டுப் பேசினார். ஒன்றும் நடக்கவில்லை. நான் பட்டம் வாங்கினேன். முதல்நாள் ‘நேர்ஸ்’ என்ற பெயர்த்தகட்டை என் சட்டையில் குத்திவிட்டது அவர்தான். கோணலாக இருக்கிறது என்று இரண்டு தரம் கழற்றிக் குத்தினார். அந்தத் தகடு அவர் சட்டையில் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை. அவர் நேர்ஸாக வந்திருந்தால் எங்கள் இல்லத்துக்கு ஒரு நல்ல நேர்ஸ் கிடைத்திருக்கும்.

அதற்குப் பிறகு எங்கள் வார்டில் இப்படித்தான் நடந்தது. சொல்ல வேண்டியதை நான் சொல்லுவேன். சொல்லி முடித்துத் திரும்பினால், அவர் கோப்பித் தட்டோடு பின்னால் நிற்பார். சொந்தக்காரர்கள் என் பெயரை மறந்துவிடுவார்கள். அந்தக் கோப்பிக்காரர் எங்கே என்று மாதக்கணக்குக்குப் பிறகும் வந்து கேட்பார்கள்.

அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற முதலே, போன பனிக்காலத்தில் ஒரு ஞாயிறு காலை, எல்லிங்ஸ்ருட்டில் என் வீட்டுப் போன் அடித்தது. அக்கா.

“தங்கச்சி... இவருக்குக் கொஞ்சம் கடுமை. ஒருக்கா வாறியளே?”

நான் பதிவு பெற்ற தாதி. மூச்சு இருக்கிறதா, அம்புலன்ஸுக்கு அடித்தீர்களா என்று கேட்கத்தான் எனக்குப் படிப்பித்தார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. “ஓம் அக்கா, இப்ப வெளிக்கிடுறன்,” என்றேன்.

எல்லிங்ஸ்ருட்டில் இருந்து அம்மருட்டுக்கு ட்ரெயினில் போவதென்றால் நகரத்துக்குள் இறங்கி, மாறி, மறுபடி மேலே ஏற வேண்டும். வாசலில் சப்பாத்துகளைக் காணும்வரைக்கும் அண்ணை எனக்கு இருக்கிறார். மாறுகிற ஸ்டேஷனில் இறங்கி, என்னை அறியாமலே எங்கள் பழைய கடைக்கு முன்னால் போய் நின்றேன். அதே பெண்தான் நின்றாள். எத்தனை என்று கேட்டாள்.

“இரண்டு,” என்றேன். “அதில் ஒன்று, அந்தப் பின்னுக்கு இருக்கிறது, பிள்ளை. திராட்சை கூடினதாப் பாத்து.”