அட்டை இல்லாத காடு

“ஏனுங் மாப்ள, இந்தத் தடத்துல அட்டை இருக்குதுங்களா?” என்று ராமாத்தாள் கேட்டதும் முன்னால் நடந்துகொண்டிருந்த மாரப்பன் நின்றுவிட்டான்.

சாந்தன்பாறைக்கு வண்டிப் பாதை வராத காலம். அவனுடைய ஏலத்தோட்டத்தைப் பார்க்க வருகிற பெண் வீட்டார் சோலைக்குள் நடந்துதான் ஆகவேண்டும். இரண்டு சம்பந்தங்கள் அட்டைக்கடிக்குப் பயந்து பாதி வழியிலேயே திரும்பிவிட்டன. இப்போது வந்திருப்பது சித்தூர் ஆறுமுகசாமியும் அவர் மனைவி ராமாத்தாளும். அவர்கள் மகள் மருதாத்தாளை மாரப்பன் தேர்த் திருவிழாவில் ஒரே ஒரு தடவை பார்த்தான். அதிலிருந்து அவனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

“அட்டையா? மருந்துக்குக்கூடக் கிடையாதுங்க அத்தை!”

ராமாத்தாளின் முகம் சுருங்கியது. நம்பவில்லை போலிருக்கிறது என்று அவன் கலங்கினான்.

ஆறுமுகசாமிக்கோ ஒரே குஷி. “என்ன குளுமை! கண்ணாலம் முடிஞ்சதும் இங்கயே வந்து கெடந்தறலாமாட்ட இருக்குது.”

“வாங்க மாமா, உங்க ஊடுதானுங்க.”

அத்தையின் முகம் இன்னும் சுருங்கியது.

அந்த நேரம் பார்த்து மாமாவின் குதிகாலில் ஓர் அட்டை நெளிந்து ஏறியது. மாரப்பன் சட்டென்று காலில் விழுந்து அதைத் தட்டிவிட்டான். “நல்லா இருங்க” என்றார் அவர். பத்தடி போனதும் இன்னொன்று. மறுபடி விழுந்தான். நாலாவது தடவை அவர் சலித்துக்கொண்டார். “ஏனுங் மாப்ள, ஒரு ஆளு எத்தனை தடவைதான் ஆசீர்வாதம் பண்றது?”

இனி தாங்காது என்று ஈரமில்லாத மேட்டுப் பாதைக்கு அழைத்துப் போனான். அங்கே அட்டை இல்லை. தொட்டால் தீயாய் அரிக்கும் செந்தட்டி இருந்தது. மாமா முழங்காலைச் சொறிந்துகொண்டு குதித்தார். தலைக்கு மேலே இருவாட்சிப் பறவை ஒன்று புஸ்புஸ்ஸென்று சிறகடித்துப் போயிற்று. யானைதான் மூச்சு விடுகிறது என்று அலறியபடி பள்ளத்தில் இறங்கி ஓடி, விழுந்து கிடந்த பெரிய மரத்தின்மேல் ஏறினார். மரம் முழுக்கக் காளான். காளான் பூத்த மரம் உள்ளே உளுத்திருக்கும் என்று சொல்ல மாரப்பன் வாயெடுப்பதற்குள் மாமா இடுப்புவரை உள்ளே போய்விட்டார்.

இழுத்து வெளியே எடுத்தபோது வேட்டியெல்லாம் சேறு, காலெல்லாம் அட்டை. மாரப்பன் புகையிலையை நனைத்துத் தேய்த்து ஒவ்வொன்றாக உதிர்த்தான்.

“பொண்ணைக் குடுத்தாலும் செரி, குடுக்காட்டியும் செரி, இந்தக் காட்டுல இனி என்ற காலு படாது!” என்று கத்திவிட்டு அவர் வந்த வழியே விறுவிறுவென்று இறங்கினார்.

மாரப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. “பொய் சொல்லிப்போட்டனுங்க அத்தை. இங்க மிதிக்கற எடமெல்லாம் அட்டைதானுங்க. இனிப் பொண்ணைக் குடுங்கன்னு கேக்க எனக்கு வாயில்லீங்க.”

புருஷன் வளைவில் மறையும்வரை ராமாத்தாள் பார்த்திருந்தாள். பிறகு மடியிலிருந்த வெற்றிலை பாக்கை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“அதை மொதல்லயே சொல்றதில்லீங்களா? மூணு மருமவனுக ஊட்டுலயும் ரெண்டு நாளைக்குன்னு போயி ஆறு மாசம் உக்காந்த மனுசனுங்க அவரு. அட்டை இருக்கற ஊராப் பாத்துத்தானுங்க நான் இந்தச் சம்பந்தத்தையே எடுத்தேன்!”