நாற்பத்து மூன்றுக்குப் பதினோரு ஓட்டு

ஆட்டம் முடிய இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. ராய்ஸ் நெகேஸ் மூன்றாவது தடவையாக வாக்குச்சீட்டுகளை எண்ணினார். பதினொன்று. பதினொன்றிலும் ஒரே எண்தான் எழுதியிருந்தது: 43.

சிக்கல் என்னவென்றால், அப்படி ஒரு ஆட்டக்காரன் இல்லை.

தெற்கு டெல்டா அணியின் பெயர்ப்பட்டியலில் 42 இருந்தது. அதற்கடுத்து நேராக 44. கார்வர் வேலி அணியின் பட்டியல் 39-இலிருந்து 45-க்குத் தாவியது. ராய்ஸ் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் பார்பிக்யூ கடை விளம்பரம் இருந்தது.

முப்பத்தோரு வருடம் மருந்துக்கடை நடத்திய மனிதர் அவர். மாத்திரையை எண்ணுவதில் ஒருநாளும் பிசகியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் இந்த வருடம் சட்சூமா கிண்ண அமெரிக்கக் கால்பந்துப் போட்டியின் ஆட்ட நாயகன் வாக்கெடுப்பை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். முன்பு அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் போன டிசம்பரில் தோற்ற அணியின் பையன் பெயரைப் படித்துவிட்டு, மறுவாரமே மகள் வீட்டோடு இருக்கப்போவதாகச் சொல்லி ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டார்.

போட்டிக் குழுத் தலைவி மிஸ் டாட்டி குவேவாஸ் காலையில்தான் ராய்ஸுக்கு ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை மாட்டிவிட்டிருந்தார்.

"இது இரவல்தான் ராய்ஸ். சாயங்காலம் ஒழுங்காப் பேரு படிச்சேன்னா உன்னோடது. இந்த வருஷமும் சொதப்பினோம்னா டிவிக்காரன் நம்மைக் கைகழுவிடுவான்."

"ஒரு பேரு படிக்கிறதுதானே மிஸ் டாட்டி."

"போன வருஷம் அவரும் இதையேதான் சொன்னார்."

இடைவேளையின்போது வளைகுடாவிலிருந்து மூடுபனி வந்து மைதானத்தை மூடியிருந்தது. பட்டப்பகல் மூன்று மணி. பார்வையாளர்களுக்குத் தங்கள் மடியிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலம் தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மோதும் சத்தம் கேட்டால் பொதுவாகக் கைதட்டினார்கள்.

ராய்ஸ் அதிகாரப்பூர்வ ஆட்டக்குறிப்பை வாங்கிப் பார்த்தார். மூன்றாம் பகுதியில், பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடி எடுத்த ஒரு டச்டவுன், நான்காம் பகுதியில் ஒன்று, இரண்டும் தெற்கு டெல்டாவுக்கு. ஓடியவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் இரண்டு தடவையும் 'யாரோ' என்று எழுதியிருந்தது.

ஓட்டுப் போட்ட நிருபர்களையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, அரங்கின் உச்சியிலிருந்த நிருபர் அறைக்கு மறுபடி லிஃப்டில் ஏறினார்.

கால் மணி நேரத்துக்கு முன்னால் சீட்டு வாங்க வந்தபோது எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது அறை. பதினோரு பேரும் கண்ணாடியைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே சுத்தமான வெள்ளை. உள்ளே ஏசியை யாரோ அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டது போலக் குளிர். நிருபர்கள் சிடுமூஞ்சிகள், வாயைத் திறந்தால் குறைதான் சொல்வார்கள் என்று எல்லோரும் ராய்ஸைப் பயமுறுத்தியிருந்தார்கள். இவர்களோ இருக்கிற இடம் தெரியவில்லை. அவர்களுக்காக மூலையில் வைத்திருந்த சில்லிக் குழம்புப் பாத்திரத்தின் மூடியைக்கூட யாரும் திறக்கவில்லை.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். இந்த நாற்பத்து மூணு, யாரு அது?"

கடைசி நாற்காலியில் இருந்தவர் திரும்பாமலே பேசினார். "பந்தை வச்சிக்கிட்டு ஓடினானே, அவன்தான்."

"பேரு?"

"பேரெல்லாம் நீங்கதான் பார்த்துக்கணும்."

"பட்டியல்ல அப்படி ஒரு நம்பரே இல்லைங்க."

"பட்டியல்ல இல்லாதவங்க ஆடக்கூடாதா என்ன?"

ராய்ஸ் கண்ணாடியைப் பார்த்தார். தன் முகமும் ஆரஞ்சு ஜாக்கெட்டும் மங்கலாகத் தெரிந்தன. "இந்தப் பனியில உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

"எங்களுக்குத் தெரியும்" என்றார் வேறொருவர். "நாங்க ரொம்ப வருஷமாப் பார்த்துக்கிட்டிருக்கோம்."

"சீட்டை வேணும்னா மாத்தி எழுதித் தரீங்களா? பன்னிரண்டாம் நம்பர்கூட நல்லா ஆடினதாச் சொல்றாங்க."

பதினோரு தலைகள் ஒரே சமயத்தில் இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தன. கீழே ஏதோ ஓட்டம் நடந்திருக்க வேண்டும். ராய்ஸ் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். லிஃப்டுக்குள் போனதும் ஜாக்கெட் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டார். ஏசிதான் காரணம் என்று சொல்லிக்கொண்டார்.

கீழே வருவதற்குள் தப்பு செய்வது என்று தீர்மானித்துவிட்டார். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாதவர்தான். ஆனால் இல்லாத ஆளுக்கு எப்படிக் கோப்பை கொடுப்பது? தெற்கு டெல்டாவின் பன்னிரண்டாம் எண் பையன் பந்தை நன்றாக வீசுகிறவன், பல் வரிசையும் நன்றாக இருக்கும், டிவிக்கு ஏற்றவன். ராய்ஸ் வாக்கிடாக்கியை எடுத்து அறிவிப்பாளர் பேட்டனைக் கூப்பிட்டார்.

"பேட்டன், ஆட்ட நாயகன் பன்னிரண்டு. நாற்பத்து மூணு இல்ல. கேக்குதா?"

கரகரவென்று இரைச்சல் வந்தது. "கேக்கலை. மறுபடி சொல்லுங்க."

"நாற்பத்து மூணு இல்லைன்னு சொல்றேன்."

"நாற்பத்து மூணு. சரி, புரிஞ்சுது."

"பேட்டன், இரு."

ஒலிபெருக்கி கனைத்தது. பனிக்குள்ளிருந்து பேட்டனின் குரல் எல்லாத் திசையிலும் முழங்கியது. நிருபர்கள் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த இவ்வருட ஆட்ட நாயகன், நாற்பத்து மூன்றாம் எண்.

யாரையும் பார்த்திராத இருபதாயிரம் பேர் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள்.

ராய்ஸ் மைதான ஓரத்துக்கு ஓடினார். தெற்கு டெல்டாவின் பயிற்சியாளர் ட்ரூட், பனிக்குள் கையை ஆட்டி யாருக்கோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"கோச், நாற்பத்து மூணு யாரு?"

ட்ரூட் திரும்பினார். பெரிய சிவந்த முகம். அதில் இப்போது சிவப்பே இல்லை. "நீங்களும் அதைத்தான் கேக்குறீங்களா? என்கிட்ட அப்படி ஒருத்தன் கிடையாது."

"ரெண்டு டச்டவுன் போட்டிருக்கானே."

"அதான் சொல்றேன். எண்பத்தஞ்சு பசங்க இருக்கானுங்க. நடையைப் பார்த்தே ஒவ்வொருத்தனையும் சொல்லிடுவேன். ஓடுறதுக்குன்னு இருந்த ரெண்டு பேருக்கும் முட்டி போச்சு. அப்புறம் ஓடினது யாருன்னு நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்டேன். நாலு பேரும் 'நான் இல்ல கோச்'ன்னுட்டானுங்க." குரலைத் தாழ்த்தினார். "டச்டவுன் போட்டுட்டு நான் இல்லைன்னு சொன்ன பையனை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல."

"அப்ப யாரு சார் அது?"

"ஜெயிச்சுக்கிட்டு இருக்கோம். ஆட்டம் முடியட்டும், அப்புறம் பயந்துக்கலாம்."

ஆட்டம் முடிந்தது. தெற்கு டெல்டா இருபதுக்குப் பதினேழு என்று வென்றதாகச் சொன்னார்கள். மைதான நடுவில் மேடையை உருட்டிக்கொண்டு வந்தார்கள். டிவிக்காரர்களின் விளக்கு பனியில் பட்டு மேடையைச் சுற்றி வெள்ளைச் சுவர் எழுந்தது போலிருந்தது. மிஸ் டாட்டி வெள்ளிக் கிண்ணத்தை ராய்ஸ் கையில் கொடுத்தார்.

"யாருப்பா அந்தப் பையன்? பேரைப் படிக்காம நம்பரை மட்டும் படிக்க வச்சிருக்கே?"

"புதுசா இருக்கட்டுமேன்னு."

"பேரு என்ன?"

"வந்தா அவனே சொல்லிடுவான் மிஸ் டாட்டி."

"வந்தாலா? வராமப் போறதுக்கும் வழி இருக்கா?"

ராய்ஸ் ஜாக்கெட் கையால் கிண்ணத்தைத் துடைத்தார். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தபோது பயமாக இருந்தது. யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பயமாக இருந்தது. பேட்டன் எண்ணை மறுபடி அழைத்தான். கூட்டம் அடங்கியது.

பனிக்குள்ளிருந்து ஒரு ஆள் நடந்து வந்தான்.

தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. சேறு அப்பிய சட்டையின் மார்பில் 43. முதுகில் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பெயர் இருக்கும். இவனுக்கு அந்த இடம் காலி. படியேறி ராய்ஸ் எதிரில் வந்து நின்றான். கம்பி வலைக்குள் முகம் இருட்டாக இருந்தது.

ராய்ஸ் கையை நீட்டினார். அவன் கை ஐஸ்கட்டி போல இருந்தது.

"தம்பி, உன் பேரு?"

அவன் ஏதோ சொன்னான். தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போல வந்தது சத்தம்.

"பேரு தம்பி" என்றார் ராய்ஸ். இந்த முறை அவர் குரலே அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். வாயிலிருந்த பல்காப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். முகமெல்லாம் மச்சப்புள்ளிகளும் காதில் சேறுமாக, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன்.

"கீலன் பிரௌசார்ட், சார். என் நம்பர் இருபத்தாறு. மூணாவது பகுதி ஆரம்பத்துல சட்டை கிழிஞ்சிடுச்சு. சாமான் பார்த்துக்கிற ஹோலிஸ் அண்ணன் மூட்டையில கிடந்ததை எடுத்துக் குடுத்தார். கை சில்லுன்னு இருக்கும், மன்னிச்சுக்கோங்க. விரல் வீங்கிடுச்சு, ஐஸ் வாளிக்குள்ள விட்டுக்கிட்டிருந்தேன்."

ராய்ஸுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டார். கிண்ணம் இருவர் வயிற்றுக்கும் நடுவில் நசுங்கியது.

பயிற்சியாளர் ட்ரூட் மேடை ஓரத்திலிருந்து கேட்டார். "நீ எப்படிடா உள்ள போனே? நான் உன்னை அனுப்பவே இல்லையே."

"நீங்க 'யாராவது போங்கடா'ன்னு கத்தினீங்க கோச். யாரும் போகலை. நான் போனேன்."

"ஓடினது யாருன்னு கேட்டேனே, அப்ப ஏன் சொல்லலை?"

"என்கிட்ட நீங்க கேக்கலை கோச்." பையன் சற்றுத் தயங்கினான். "ரெண்டு வருஷமா எதுவுமே கேட்டதில்ல."

ட்ரூட் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். பிறகு மேடையேறி, தன் தொப்பியைக் கழற்றி அந்தப் பையன் தலையில் வைத்தார். கீழே எங்கோ பனிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "கீலன், அம்மா இங்க இருக்கேன்டா" என்று அழுதுகொண்டே கூப்பிட்டது. எந்தப் பக்கம் என்று தெரியாமல் பையன் நாலு பக்கமும் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினான்.

மிஸ் டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டிவிக்காரன் சந்தோஷத்துல குதிக்கிறான் ராய்ஸ். இந்தப் பத்து வருஷத்துல இப்படி ஒரு முடிவு வந்ததில்லையாம். ஜாக்கெட் உன்னோடதுதான், வச்சுக்கோ."

"என்னை எதுக்குப் பாராட்டுறீங்க?" என்றார் ராய்ஸ். நெஞ்சுப் பாரம் இறங்கி, பேச்சு தாராளமாக வந்தது. "நிருபர்களைச் சொல்லணும். நம்ம யாருக்கும் ஒண்ணும் தெரியலை. கோச்சுக்கே தெரியலை. அவங்க பதினோரு பேரும் மேல உட்கார்ந்து சரியாப் பார்த்து எழுதினாங்க. நான்தான் மாத்தப் பார்த்தேன். போய் ஒரு நன்றி சொல்லிட்டு வந்துடறேன்."

"எங்க போறே, நிருபர் சங்கத் தலைவியே இதோ வர்றாளே" என்றார் மிஸ் டாட்டி.

ஈரத் தலையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாக ஒரு பெண் பனியிலிருந்து மேடைப்பக்கம் வந்தாள். ராய்ஸ் அவளை இதற்குமுன் பார்த்ததில்லை. மார்லா சாங்கர் என்று அட்டையில் இருந்தது. கையில் மடித்த காகிதங்கள் சில வைத்திருந்தாள்.

"மிஸ்டர் நெகேஸ்? கோவிச்சுக்காதீங்க, முடிவைப் பத்தி எங்களுக்குக் குறை ஒண்ணும் இல்ல. நல்ல பையன். ஆனா எங்க ஓட்டை வாங்க நீங்க வரவே இல்லையேன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

ராய்ஸ் சிரித்தார். "ரெண்டு தடவை வந்தேனேம்மா. பதினோரு பேரும் வரிசையா உட்கார்ந்திருந்தீங்களே."

மார்லா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"பனியில எதுவும் தெரியலைன்னு இடைவேளையிலயே நாங்க பதினோரு பேரும் கீழ டிவி அறைக்கு வந்துட்டோம் சார், மேல அறையை நான்தான் பூட்டினேன், சாவி இதோ என் பாக்கெட்ல இருக்கு."